அடுக்களை ஏடும் நூலக அலமாரியும்

உணவைப் பற்றிய எழுத்தை இலக்கியத்தின் பந்தியில் அமர்த்த நம்மில் பலர் தயங்குகிறோம். காப்பியத்தை ஆராய்கிறோம், ஞானப் பாடல்களுக்கு உரை காண்கிறோம், பழஞ் சொற்களுக்குப் பொருள் தேடி இரவெல்லாம் விழித்திருக்கிறோம். சமையல் நூல் கைக்கு வந்தால் மட்டும், "இது அடுக்களைச் சரக்கு" என்று பெண்மக்களிடம் தள்ளிவிடுகிறோம். திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் உணவு மரவையின் பெயரால் 'அல்மாயிதா' என்று வழங்குவதை ஓதி அறிந்த நமக்கு, உணவைக் குறித்த ஏடும் ஓர் ஏடே என்று தோன்றாமற் போனது வியப்பே. அந்த ஏட்டையே இம்முறை நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். அளந்து பார்க்க ஒரு நல்ல அளவுகோல் வேண்டும். அதைப் பக்தாதிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

ஹிஜ்ரி 623ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1226இல், முஹம்மது இப்னு ஹசன் அல்பக்தாதி என்பவர் 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலை எழுதி முடித்தார். சுமார் 160 பக்குவங்களைக் கொண்ட சிறு நூல் அது. ஆசிரியர் 1239இல் மறைந்தார். 1258இல் மங்கோலியர் படை பக்தாதைச் சூறையாடியது. கலீபாக்களின் மாளிகைகளும், அம்மாளிகைகளின் அடுக்களைகளும், அங்கே ஆக்கிப் போட்ட கைகளும் மறைந்தன. நூல் மறையவில்லை. அதன் கையெழுத்துப் படி இஸ்தான்பூல் நகரத்து நூலகம் ஒன்றில் தங்கியது. 1934இல் மோசுல் நகரத்து அறிஞர் தாவூத் செலபி அதனை அச்சேற்றினார். 1939இல் ஆர்பெரி அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு வெளிவந்த இடம் எது? நம் நாட்டு ஹைதராபாத்திலிருந்து வந்த 'இஸ்லாமிக் கல்ச்சர்' என்னும் ஆய்விதழ்! 2005இல் சார்லஸ் பெரி மீண்டும் கையெழுத்துப் படியையே நேரில் பார்த்து, அச்சில் புகுந்திருந்த பிழைகளைக் களைந்து புதிய மொழிபெயர்ப்புத் தந்தார். மூலப் படியை ஒரு நூலகம் போற்றி வைத்திருந்ததால்தான் பிழை பிழையென்று தெரிந்தது.

இந்நூலின் சிறப்பு எதில் இருக்கிறது? ஆசிரியர் கற்பவரை மதிக்கிறார். சமைப்பவர் நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, புகையாத விறகு எது, இறைச்சியை எப்படிக் கழுவுவது, கொதிக்கும்போது மேலே திரளும் நுரையை ஏன் எடுத்துவிட வேண்டும் என்பது வரை ஒன்றையும் அவர் விட்டுவிடவில்லை. புளிப்புச் சுவை உணவுகளை முதல் இயலில் வைத்து, ஒரு முறையோடு நூலை நடத்துகிறார். நிறைகளை ராத்தலிலும் திர்ஹமிலும் சொல்கிறார். நம் பாட்டிமார் கறிக்கும் மீனுக்கும் சொன்ன 'ராத்தல்' என்ற சொல் இந்த அரபுச் சொல்லின் வழிவந்ததே. பக்குவத்தின் முடிவில், சட்டியின் ஓரத்தைத் துணியால் துடைத்து, இளந்தணலில் சற்று நேரம் அடங்க விடச் சொல்வது அவர் வழக்கம். தம் போட்டுப் பழகிய நம் வீட்டுக் கைகளுக்கு இந்த இடம் சட்டென்று விளங்கும். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்நூலை அடுப்பருகே வைத்துச் சமைக்க முடிகிறது என்றால் அதுவே அதன் வெற்றி.

குறை ஒன்றும் உண்டு. பக்தாதியின் நூலில் பண்டங்கள் நிறைந்திருக்கின்றன, மனிதர்கள் குறைவு. அக்குறையை நிறைவு செய்வது, அவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்னே பத்தாம் நூற்றாண்டில் அதே நகரில் வாழ்ந்த இப்னு சய்யார் அல்வர்ராக் தொகுத்த பெருநூல். 132 இயல்கள், 600க்கும் மேற்பட்ட பக்குவங்கள். இன்ன உணவு இன்னாருடையது என்று அவர் உரிமை காட்டுகிறார். விருந்தில் நடந்த பேச்சைச் சொல்கிறார். பண்டத்தைப் பாடிய கவிதையையும் சேர்க்கிறார். ஹாரூன் ரஷீதின் சகோதரர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தி உணவைப் பற்றி எழுதிய இளவரசர். அவருடைய பக்குவங்கள் பல இத்தொகுப்பின் வழியாகவே நமக்குத் தெரிகின்றன. ஒரு நூல் கற்றுத் தருகிறது. மற்றொன்று நினைவில் வைக்கிறது. நல்ல உணவு நூலுக்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதே நம் அளவுகோல்.

இனி அந்த அளவுகோலோடு நம் ஊர் நூலகத்துக்குள் நுழைவோம். கிளை நூலகம் ஒன்றின் சமையற் பகுதியை அண்மையில் வரிசையாகப் பார்த்தோம். புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. 'முஸ்லிம் சமையல்' என்று தலைப்பிட்டவையும் இருந்தன. திறந்தால் பிரியாணியில் பத்து வகை, குருமாவில் ஐந்து வகை, கபாபில் நான்கு வகை! எவ்வூர் முஸ்லிம், எந்த வீட்டு அடுப்பு என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. காயல்பட்டினத்தில் சகனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் களறிச் சாப்பாடும், கீழக்கரையின் தொதலும், அதிராம்பட்டினத்து வாடாவும் அப்பக்கங்களில் நமக்குத் தென்படவில்லை. கற்றுத் தருவதில் அவை குறைந்தவை என்று சொல்ல மாட்டோம். நினைவில் வைக்க அவற்றில் ஒன்றுமில்லை என்பதே நம் வழக்கு.

சொல்லிலிருந்து தொடங்குவோம். நம் இல்லங்களில் பலவற்றில் குழம்பு என்பதில்லை, ஆணம் உண்டு. மீனாணம், பருப்பாணம், புளியாணம் என்று அது கிளைவிடும். காலையில் நாம் சிற்றுண்டி அருந்துவதில்லை, பசியாறுகிறோம். இச்சொற்கள் தமிழின் பழஞ்செல்வம். அச்சுக்குப் போகும்போது நம்மவரே கூச்சப்பட்டு ஆணத்தைக் குழம்பாக்குகிறார்கள், சோற்றைச் சாதமாக்குகிறார்கள். பண்டத்தின் பெயர் போனால் அதைச் சொன்ன வீட்டின் பேச்சும் போகும். ஐம்பது ஆண்டுகள் கழித்து இந்நூல்களைப் புரட்டும் ஒருவர், தமிழ் முஸ்லிம்கள் ஆணம் என்ற சொல்லையே அறியாதவர்கள் என்று முடிவு கட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

அடுத்தது, உண்ணும் சூழல். நோன்புக் கஞ்சிக்கு 'நான்கு பேருக்கு' என்று அளவு போட்ட குறிப்புகளைக் காண்கிறோம். அரிசி, பாசிப்பருப்பு, தேங்காய்ப்பால், வெந்தயம், இஞ்சி, பூண்டு எல்லாம் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அது பள்ளிவாசல் முற்றத்தில் பெரிய தேக்சாவில் ஊருக்கெல்லாம் காய்ச்சப்படும் கஞ்சி என்பதும், அஸருக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்பார்கள் என்பதும், ஜாதி மதம் கேளாமல் அது பகிரப்படும் என்பதும் எங்கே? அவற்றை நீக்கிய பிறகு மிஞ்சுவது ஒரு கஞ்சி. நோன்புக் கஞ்சி அல்ல. அவ்வாறே வட்டலப்பத்தையும் தொதலையும் சொல்லும்போது, கடல் கடந்து இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் சென்று திரும்பிய நம் முன்னோரின் கப்பல்களையும் ஒரு வரியில் சொன்னால் என்ன? 'தோதோல்' என்று மலாய் மக்கள் கிண்டும் இனிப்பும் நம் தொதலும் உறவு என்பதைப் பெயரே சொல்கிறதே.

அச்சு நூலில் இவ்வளவு குறை கண்ட நாம், வீட்டு ஏட்டைக் குறையற்றது என்று கொண்டாடவும் முடியாது. நம் குடும்பத்தில் உம்மா எழுதி வைத்த குறிப்பேடு ஒன்று உண்டு. அவர் மறைந்த பிறகு ஒரு பெருநாளன்று அதைத் திறந்தோம். கறியாணம் என்ற தலைப்பின் கீழே கறியின் அளவு இருந்தது. தேங்காயின் அளவு இருந்தது. அதற்கடுத்து, 'வழக்கமான அரைப்பு' என்றிருந்தது. அந்த வழக்கம் எது? ராத்தாவுக்குத் தெரியவில்லை, மாமிக்கும் தெரியவில்லை. அறிந்தவர் ஒருவரே, அவர் கப்ருக்குப் போய்விட்டார். அன்று ஆணம் ஆக்கினோம், உண்டோம், யாரும் குறை சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அது உம்மாவின் ஆணம் அல்ல. பக்தாதியின் பொறுமை அந்த ஏட்டுக்கு வாய்த்திருந்தால் அந்த இழப்பு நேர்ந்திராது. இத்தகைய ஏடுகள் எத்தனை வீடுகளில் எண்ணெய்க் கறையோடு கிடக்கின்றன என்பதை வாசகர்களே அறிவார்கள்.

"கைப்பக்குவம் எழுத்தில் வருமா?" என்று கேட்பார்கள். முழுவதும் வராது என்பது உண்மை. ஆனால் ஒரு வீட்டின் பக்குவம் எழுத்தில் ஏறி ஊரெல்லாம் பரவியதற்கு நம் தமிழிலேயே சான்று உண்டு. எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' அத்தகைய நூல். தம் இல்லத்துச் சைவ உணவை, தம் இல்லத்துச் சொற்களிலேயே, புதிதாக அடுப்பு மூட்டும் இளம்பெண்ணும் விளங்கிக்கொள்ளும்படி அவர் எழுதினார். இன்றும் அந்நூல் விற்பனையாகிறது. அதற்கு இணையாக நம் உம்மாமாரின் அடுக்களையிலிருந்து வந்து வீடுதோறும் நிலைத்த நூல் எது என்று கேட்டால், நாம் விரல் மடக்கத் தடுமாறுகிறோம். பெண்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்கள் எழுதியதை எழுத்தென்று மதியாத ஆண்களும், சமையற் குறிப்பை இடம் நிரப்பும் துணுக்காகவே போட்டுவந்த நம் இதழ்களுமே இதற்குப் பொறுப்பு. இவ்வரிகளை எழுதும் நாமும் அப்பொறுப்பிலிருந்து தப்ப முடியாது.

"வீட்டுப் பக்குவத்தைப் பொதுவில் வைப்பதா?" என்ற தயக்கமும் நியாயமானதே. பெயரை வெளியிட விரும்பாத பெண்மணியின் பெயரை யாரும் வெளியிட வேண்டியதில்லை; ஊரின் பெயர் போதும். ஆனால் ஒளித்து வைத்த பக்குவம் காக்கப்பட்ட பக்குவம் ஆகாது. பகிர்ந்த உணவில்தான் பரக்கத் என்று நம்பும் சமுதாயம் அல்லவா நாம்?

இங்கேதான் ஊர் நூலகத்தின் கடமை வருகிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, நம் நாட்டில் அச்சாகும் நூலின் படி கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கும் சென்று சேர வேண்டும். வீட்டுக் குறிப்பேடு அச்சு நூல் அன்று. அதைத் தேடி எந்தச் சட்டமும் வராது. கொடுப்பவர் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி மனிதராக நின்று, பிறர் குப்பையென்று கழித்த சிறு வெளியீடுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். அச்சேகரமே 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகப் பயன்தருகிறது. ஒருவர் செய்ததை ஓர் ஊர் கூடிச் செய்ய முடியாதா?

முறை எளிது. ஏடு வீட்டிலேயே இருக்கட்டும். கைப்பேசியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, தாளில் எடுத்த படியை நூலகத்தில் சேர்க்கலாம். ஒவ்வொரு பக்குவத்தோடும் ஐந்து செய்திகள் வேண்டும்: வீட்டில் வழங்கும் பெயர், எத்தனை பேருக்கு எந்தப் பாத்திரத்தால் அளந்தது, யாரிடம் கற்றது, எந்த நாளில் ஆக்குவது, கற்றதிலிருந்து எதை மாற்றினோம். அரபுத் தமிழில் எழுதப்பட்ட ஏடானால், படிக்கத் தெரிந்த மூத்தோர் இருக்கும்போதே அதைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து உடன் வைக்க வேண்டும். நூலகரும் அதைப் பழந்தாள் மூட்டையில் போடாமல், கட்டடம் செய்து, பட்டியலில் ஏற்றி, ஆசிரியர் என்ற இடத்தில் ஆக்கியவரின் பெயரை எழுத வேண்டும். காப்பியம் செய்த புலவருக்குரிய அந்த இடம் ஆணம் ஆக்கிய உம்மாவுக்கும் உரியதே.

பக்தாதி தமக்கு உகந்த உணவுகளைத் தொகுத்தபோது, அடுத்த முப்பத்திரண்டு ஆண்டுகளில் தம் நகரம் அழியும் என்று அறிந்திருக்க மாட்டார். நம் வீடுகளில் அடுப்பு இன்னும் எரிகிறது. கேட்டால் சொல்ல உம்மாமாரும் நன்னிமாரும் இருக்கிறார்கள். வரும் ரமளானில் கஞ்சி வாங்கத் தூக்கோடு போகும் பிள்ளையின் மற்றொரு கையில் ஒரு குறிப்பேட்டையும் கொடுத்தனுப்புவோம். காய்ச்சுபவரிடம் அவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: வழக்கமான அரைப்பு என்றால் என்ன?