லரிசா ஷெப்பித்கோவின் 'தி அசென்ட்': பனியில் இரு மனிதர்

சோவியத் இயக்குநர் லரிசா ஷெப்பித்கோவின் 'தி அசென்ட்' 1977இல் பெர்லின் திரைப்பட விழாவில் தங்கக் கரடி விருதைப் பெற்றது. பெலாரஸ் எழுத்தாளர் வாசில் பீக்கவின் 'சோட்னிகோவ்' என்ற குறுநாவலே இதற்கு மூலம். ஜெர்மானியர் பிடியில் இருந்த பெலாரஸில், உறைபனிக் காலத்தில், தங்கள் கெரில்லாக் குழுவுக்கு உணவு தேடிப் புறப்படும் சோட்னிகோவ், ரிபாக் என்ற இருவரின் கதை இது.

படத்தின் முதற்பாதி முழுக்க உடலின் கதை. காலில் குண்டடிபட்ட சோட்னிகோவ் பனியில் கிடக்க, தப்பி ஓடியிருக்கக்கூடிய ரிபாக் திரும்பி வந்து அவனை அங்குலம் அங்குலமாக இழுத்துச் செல்கிறான். விளாதிமிர் சுக்னோவின் கேமரா இருவரின் முகத்தை ஒட்டியே நகர்கிறது. புருவத்தில் படிந்த பனித்துகளும் மூச்சிரைப்பும்தான் அங்கே வசனம். நண்பனுக்காக உயிரைப் பணயம் வைத்த அதே ரிபாக்தான் பின்னர் எதிரியின் காவல் படையில் சேர்கிறான். அவனைப் பிறவிக் கோழை என்று ஒதுக்கிவிட முடியாதபடி கதையைப் பின்னியிருப்பதே படத்தின் பெரும் பலம்.

சோட்னிகோவும் குற்றமற்றவன் அல்ல. மூன்று குழந்தைகளின் தாயான டெம்சிகாவின் வீட்டுப் பரணில் இருவரும் ஒளிந்திருக்கும்போது, அவனுடைய இருமல்தான் காட்டிக்கொடுக்கிறது. அவளும் கைதாகிறாள். மறுநாள் எல்லாப் பழியையும் தன்மேல் ஏற்றுக்கொண்டு மற்றவர்களைக் காப்பாற்ற முயல்கிறான், பலிக்கவில்லை. அவர்களோடு பாஸ்யா என்ற யூதச் சிறுமியும் தூக்குமரத்துக்கு நடத்தப்படுகிறாள்.

சிறைக் காட்சிகளில்தான் குறை தலைகாட்டுகிறது. சித்திரவதைக்குப் பின் சோட்னிகோவின் முகத்தில் விழும் ஒளி, தூக்குமேடையை நோக்கிய மேட்டு வழி, ரிபாக்கைப் பார்த்து எழும் 'யூதாஸ்' என்ற குரல், ஆல்பிரெட் ஷ்னிட்கேயின் இசை எல்லாம் சேர்ந்து சோட்னிகோவைக் கிறிஸ்துவாகவே ஆக்கிவிடுகின்றன. அரசே நாத்திகத்தைப் போதித்த நாட்டில் இது பெருந்துணிச்சல். ஆனாலும் மனிதன் புனிதனாகிவிட்டால், பார்ப்பவர் அவனோடு சேர்ந்து தடுமாற இடமில்லாமல் போகிறது. பீக்கவின் நூல் இருவர் மனத்துக்குள்ளும் மாறிமாறிப் புகுந்து பார்க்கிறது. அந்தச் சமநிலையைப் படம் இழக்கிறது.

அதை ஓரளவு மீட்பது இறுதிப் பகுதி. தூக்குக்குப் பின் கேமரா ரிபாக்கை விட்டு அகலவே இல்லை. கழிப்பறையில் இடுப்பு வாரால் தூக்குப் போட முயன்று, அதிலும் தோற்று, முகாமின் முற்றத்தில் நின்று கதறுகிறான். விளாதிமிர் கஸ்த்யூகினின் நடிப்பு இங்கே கண்டனத்தையும் இரக்கத்தையும் ஒருசேர எழுப்புகிறது. நம்பிக்கையின் வலிமையைச் சொல்ல வந்த படத்தில், உயிராசையால் உடைந்த மனிதனே ஆழமான படைப்பு.

ஷெப்பித்கோ முடித்த கடைசிப் படம் இதுதான். அடுத்த படத்தின் பணியில் இருந்தபோது, 1979இல் நேர்ந்த கார் விபத்தில் அவரும் சுக்னோவும் உயிரிழந்தனர். அந்தப் படத்தை அவருடைய கணவர் எலெம் கிளிமோவ் முடித்தார்.