லயனலின் நாக்கும் என் கழுத்தும்

‘மதர்லெஸ் புரூக்ளின்’ நாவலை நண்பன் ஒருவனுக்கு இரவல் கொடுத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துத் திருப்பித் தந்தவன் கேட்டான், “டேய், உனக்கு இந்த மாதிரி வார்த்தையெல்லாம் வராதா?” குரலில் லேசான ஏமாற்றம். எனக்குக் கழுத்து வெட்டும், கண் இறுகும், தொண்டையிலிருந்து உறுமல் வரும். அவ்வளவுதான். லயனல் எஸ்ராக்கை வாசித்து முடித்தவனுக்கு நான் சப்பென்று போய்விட்டேன்.

ஜோனதன் லெதம் இந்நாவலை 1999இல் வெளியிட்டார். புரூக்ளின் அநாதை விடுதியில் வளரும் நான்கு பையன்களை ஃபிராங்க் மின்னா என்கிற சில்லறைத் தாதா எடுபிடி வேலைக்கு வைத்துக்கொள்கிறான். பிறகு மின்னா கொல்லப்படுகிறான். நால்வரில் ஒருவனான லயனல் கொலைகாரனைத் தேடிப் புறப்படுகிறான். அவனுக்கு டூரெட் சின்ட்ரோம். கதையைச் சொல்வதும் அவன்தான். பெயர்களைப் பிய்த்து மாற்றிப் போட்டு, ஓசையின் பின்னால் ஓடும் அவன் நாக்குதான் நாவலின் நடை.

முதல் வாசிப்பில் நான் அழுதேன், அதை மறைக்கப் போவதில்லை. டிக் என்பது தானாக வருவதுமில்லை, நாமாகச் செய்வதுமில்லை. முதலில் உடம்பில் ஓர் இடத்தில் அரிப்பு மாதிரி ஒன்று ஏறும். தும்மலை அடக்குவதுபோலக் கொஞ்ச நேரம் அடக்கலாம். அடக்க அடக்க அது வளரும். பலருக்குப் பதின்ம வயது தாண்டினால் குறைந்துவிடும் என்பார்கள். எனக்கு முப்பத்தொன்று, இன்னும் குறையவில்லை. ஒருவர் தோளைத் தொட்டே ஆக வேண்டும் என்று லயனலுக்கு எழும் அவசரத்தை லெதம் உள்ளேயிருந்து எழுதியிருக்கிறார். மின்னா அவனைக் கேலிப் பெயர் வைத்துத்தான் கூப்பிடுகிறான். ஆனால் அவனுக்கு இருப்பது இன்னது என்று சொல்லும் புத்தகத்தைக் கையில் கொடுப்பவனும் அதே மின்னாதான். நாவலில் எனக்கு ஆகப் பிடித்த இடம் இது. எனக்கு அந்தப் பெயர் கிடைத்தபோது வயது பத்தொன்பது. அதுவரை கிடைத்தது பள்ளியில் ரோத்தான்.

இரண்டாம் வாசிப்பில்தான் உறுத்த ஆரம்பித்தது. லயனலின் டிக் எதுவும் வீணாவதில்லை. ஒவ்வொன்றும் சிலேடையாகிறது, நகைச்சுவையாகிறது, அவன் துப்பறியும் புத்திக்கே உருவகமாகிறது. 2019இல் எட்வர்ட் நார்ட்டன் கதையை 1950களுக்கு நகர்த்திப் படமாக எடுத்தார். அதில் ஜாஸ் விடுதிக் காட்சி ஒன்று வரும். எக்காளம் வாசிக்கப்பட, லயனலின் வாய் அதோடு சேர்ந்துகொள்கிறது. அழகான காட்சிதான். ஆனால் டிக் அங்கே இசையாகிவிட்டது.

பத்து வயதில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். உறுமி அடிக்க, என் கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது. பெரியம்மா ஓடி வந்து நெற்றியில் விபூதியை அப்பி, கைகூப்பி, “யாரு வந்திருக்கீங்க?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் என் வாயையே பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. யாரும் வரவில்லையே. இவ்வளவு ஆட்டம் ஆடுகிற உடம்புக்குப் பின்னால் ஏதாவது இருக்க வேண்டும் என்று பெரியம்மா நம்பினார். லெதமும் அப்படித்தான் நம்புகிறார், அவர் சாமி மொழி. இருவருமே என்மேல் அன்பாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் என் கழுத்து எதையும் சொல்ல வெட்டுவதில்லை.

கெட்ட வார்த்தை சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். அது டூரெட் உள்ளவர்களில் சிறுபான்மையினருக்குத்தான் உண்டு. திரையில் பாதிப் பேருக்கு அது இருக்கும், சிரிப்பு வரவேண்டுமே.

ஆலிவர் சாக்ஸ் 1985இல் வெளியிட்ட மருத்துவக் கதைத் தொகுப்பில் ரே என்று ஒருவர் வருகிறார். வார இறுதியில் ஜாஸ் டிரம் வாசிப்பவர், பிங்பாங்கில் கெட்டிக்காரர். இங்கேயும் டிக் ஒரு திறமையாக மாறுவது கொஞ்சம் சங்கடம்தான். ஆனால் சாக்ஸ் அதோடு விடவில்லை. ஹால்டால் மருந்து கொடுத்ததும் ரேயின் வேகம் குலைகிறது. சுழல் கதவுக்குள் புகுந்து புகுந்து வெளியேறுவது அவருடைய பழைய விளையாட்டு. மருந்துக்குப் பிறகு நேரம் தவறி, மூக்கை உடைத்துக்கொண்டு வருகிறார். லெதமின் முந்நூறு பக்கத்தைவிட எனக்கு அந்த மூக்கு நெருக்கம். அதற்கு எந்தக் குறியீட்டு அர்த்தமும் இல்லை, கதவு இடித்துவிட்டது. கடைசியில் ரே ஓர் ஒப்பந்தத்துக்கு வருகிறார். வேலை நாட்களில் மருந்து, சனி ஞாயிறு மருந்தில்லை.

வாரத்தை இரண்டாகப் பிரித்து வாழும் வளர்ந்த மனிதனை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். என் நாளும் அப்படிப் பிரிந்ததுதான். கூட்டத்தில் ஒரு மணி நேரம் கழுத்தைப் பிடித்து வைத்திருப்பேன். மற்றவர்கள் என்ன பேசினார்கள் என்பதில் பாதி காதில் ஏறியிருக்காது. “நீங்க ரொம்ப அமைதி லா,” என்பார் மேனேஜர். ஐந்தரைக்குக் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றியதும் எல்லாம் சேர்ந்து வரும். கழுத்து, கண், தொண்டை. நெரிசலில் பக்கத்து மோட்டார்க்காரர்கள் பாட்டுக்கு ஆடுகிறான் என்று நினைப்பார்கள் போல. ஒருத்தர் கட்டைவிரலைக்கூட உயர்த்திக் காட்டினார். ரேடியோ போட்டிருக்கவில்லை.

நண்பனுக்கு அடுத்து சாக்ஸ் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறேன்.