கோதா பழகிய வாத்தியார்

சேப்பாக்கத்தில் மேட்ச் என்றால் மறைமலை நகரில் மின்சார ரயில் ஏறும் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஷிப்ட் முடிந்த கையோடு கம்பெனிச் சட்டையிலேயே வருகிறவர்களும் உண்டு. மைதானத்தைத் தாண்டி வாலாஜா சாலையில் கடலைப் பார்த்து நடந்தால் எதிரே நாலு பேர் பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலை. இந்த வாரம் கிரிக்கெட்டுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு அந்த நால்வரின் ஆட்டத்தை அலசுவோம்.

விளையாட்டுப் பக்கத்தில் சிலைக்கு என்ன வேலை என்பீர்கள். அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி குஸ்தி பழகியவர். புல்லாங்குழல் வாசிப்பார், வேட்டைக்குப் போவார், கதையும் எழுதுவார். பிழைப்புக்கு வாத்தியார். 1899இல் இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம் பிறந்து, அபனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் கற்று, சென்னை அரசு ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். கே.சி.எஸ். பணிக்கரும் எஸ். தனபாலும் அவரிடம் படித்தவர்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டு பணியாற்றி 1950களின் கடைசியில் ஓய்வு பெற்றார். சிலை 1959 குடியரசு நாளையொட்டி நிறுவப்பட்டது. அப்போது காமராஜர் முதல்வர். சிற்பிக்கு வயது 59.

இனி ஆட்டத்துக்கு வருவோம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் நாலு பேர். நால்வரும் ஒரே மாதிரி நிற்கவில்லை. ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு கோணத்தில் பளுவை வாங்குகிறது. கபடிப் பயிற்சியாளர்கள் பையன்களிடம் கத்திக் கத்திச் சொல்வது இதைத்தான்: கையால் தள்ளாதே, காலை ஊன்று, இடுப்பைத் தாழ்த்து, பலம் தரையிலிருந்து முதுகுக்கு ஏறட்டும். கோதாவில் புரண்டவருக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதனால்தான் அந்த முதுகுகள் பொய் சொல்வதில்லை.

எனக்கு ஒரு குறை உண்டு. கல் உடைக்கிறவர்களின் உடம்பு இப்படித் திரண்டிருக்காது. ஒட்டிய வயிறும் நரம்போடிய கையுமாக இருக்கும். பள்ளியின் காவலாளியும் ஒரு மாணவரும் மாடலாக நின்றார்கள் என்பார்கள். அவர்களுக்குப் பயில்வான் உடம்பைக் கொடுத்தது ராய் சௌத்ரிதான். அவருக்கு ஏழை உடம்பு தெரியாமல் இல்லை. பசியில் வாடியவர்களையும் வெண்கலத்தில் வார்த்தவர் அவர். இங்கே வேண்டுமென்றேதான் சதை ஏற்றியிருக்கிறார். இரக்கப்பட வைக்காமல் வியக்க வைக்க நினைத்தார் என்பது என் கணிப்பு.

அதைவிட முக்கியம் அவர் தேர்ந்தெடுத்த கணம். பாறை இன்னும் பெயரவில்லை. கோப்பையோடு நிற்கும் படம் எந்தப் பத்திரிகையிலும் வரும். ஆட்டத்தின் நடுவில், முடிவு தெரியாத நொடியைப் பிடிப்பவர்தான் கெட்டிக்காரர். அதே கடற்கரையில் அவர் செய்த காந்தியும் நடந்துகொண்டுதான் இருக்கிறார். 2022இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியபின் நாற்பது வயதுக்கு மேல் புது வேலை தேடி ஒரகடம் பக்கம் அலைந்தவர்களுக்கு, பாறை பெயராத அந்த நொடியை நான் விளக்கத் தேவையில்லை.

பென்ஷன் வாங்கிக்கொண்டு அவர் சும்மா இருந்துவிடவில்லை. தண்டி யாத்திரையைப் பதினோரு உருவங்களாக வடிக்கும் பெரிய வேலையில் இருந்தார். அதை முழுதாக முடிக்குமுன் 1975இல் காலமானார். சிலைத்தொகுதி டெல்லியில் இருக்கிறது. பட்டமும் பதவியும் ஏற்கெனவே வந்திருந்தன, 1958இல் பத்மபூஷணும் சேர்ந்தது. அதற்குப் பிறகும் அந்த வயதில் களிமண்ணில் கை வைத்தவரை எந்த ஆசை துரத்தியிருக்கும்? வேலை செய்யும் உடம்பைப் பார்த்து அவருக்கு அலுக்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது.

அடுத்த மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே ரயில் ஏறுங்கள். சிலைக்கு முன்னால் நின்று செல்பி எடுத்தது போதும். பின்பக்கம் போய் அந்த முதுகுகளைப் பாருங்கள்.