எந்த வருஷத்துக்கு ரோல்பேக்? – குயீஸ் கோட்டை

வட பிரான்ஸில் நல்ல பழைய கோட்டை எதுன்னு கேட்டால் பியர்ஃபோனுக்குத்தான் அனுப்புவாங்க. கோபுரம், கூரை எல்லாம் கச்சிதமா இருக்கும். ‘மெர்லின்’ தொடரில் கேம்லாட்டா வந்தது அதுதான். ஆனா கண்ணில் படுவதில் பெரும்பகுதி 19ஆம் நூற்றாண்டு வேலை. 1617இல் இடிக்கப்பட்டுப் பாழாய்க் கிடந்ததை, மூன்றாம் நெப்போலியனுக்காக 1857இலிருந்து வியோலே-லெ-துயூக் எழுப்பினார். சீரமைத்த கட்டடம் எந்தக் காலத்திலும் அப்படியே இருந்திருக்க வேண்டியதில்லைன்னு அவரே எழுதியும் வைத்தார். ஒளிவுமறைவில்லாத மனுஷர்தான். ஆனா சுத்திப் பார்க்க வர்றவங்க அவர் புத்தகத்தைப் படிச்சிட்டா வர்றாங்க?

என் ஓட்டு வடகிழக்கே, குயீஸுக்கு. நடுவில் இடைக்கால வட்டக் கோபுரம், சுற்றிப் பிற்காலப் பீரங்கி யுகத்துக் கொத்தளங்கள். முதல் உலகப் போர் அதைச் சிதைத்தது. அப்புறம் ஊர்க் குப்பையையும் அங்கேயே கொட்டினாங்க. 1952இல் க்ளப் து வியூ மனுவார் என்ற தன்னார்வலர் அமைப்பு உள்ளே இறங்கியது. விடுமுறைக்கு வரும் இளைஞர்கள் மண்ணை அள்ளி, புதைந்த சுரங்கவழிகளைத் திறந்து, நிற்கிற சுவர் விழாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

இங்கே கேள்வி பணம் மட்டும் இல்லை. பழைய வெர்ஷனுக்குத் திரும்பணும்னா எந்த வெர்ஷன்? இடைக்காலத்துக்குப் போனால் கொத்தளங்களை இடிக்கணும். 1913க்குப் போனால் குண்டு விழுந்த தடயம் போயிடும். இருப்பதைத் தாங்கிப் பிடிப்பதோடு நிறுத்துவது சோம்பேறித்தனம் இல்லை, அதுவும் ஒரு முடிவுதான். அதே மாவட்டத்தில் கூசி கோட்டையின் 54 மீட்டர் கோபுரத்தை 1917இல் ஜெர்மன் ராணுவம் வெடிவைத்துத் தகர்த்தது. திரும்பக் கட்டவில்லை. அந்தக் கற்குவியல் சொல்வதைப் புதுக் கோபுரம் சொல்லாது.

தன்னார்வலர் வேலைன்னாலே கண்ணை மூடிப் பாராட்டவும் முடியாது. ஆர்வம் மட்டும் உள்ள கை ஆபத்தானது. சுண்ணாம்புக் காரை இருந்த இடத்தில் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற முடியாமல் கல்லே உதிரும். அதைவிட எனக்கு முக்கியம் பதிவு. எழுபது வருஷ வேலையும் இப்போ கோட்டையின் ஒரு அடுக்குதான். எந்த வரிசைக் கல் எந்தக் கோடையில் வைத்ததுன்னு சுவர்கிட்டயே பார்வையாளருக்குத் தெரியணும். கமிட் மெசேஜ் இல்லாத கோடு மாதிரி விட்டால், நூறு வருஷம் கழிச்சு வர்றவர் அதையும் இடைக்காலம்னுதான் நினைப்பார்.

போறவங்க பியர்ஃபோனை முதலில் பார்த்துட்டு குயீஸுக்கு வாங்க. மாத்திப் போனா குயீஸ் வெறும் இடிபாடுன்னு தோணும்.