வீடு கீழே, காடு மேலே

விவசாயக் குடும்பம் என்று நம் எழுத்தில் வருவது பெரும்பாலும் சமவெளிக் குடும்பம்தான். வாசலில் நின்றால் காடு தெரியும். 1942ல் வந்த ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நாவலின் பலமே இதில்தான் இருக்கிறது. பாகப் பிரிவினை அங்கே பத்திரத்துக்கு வருமுன் அடுப்படிக்கு வந்துவிடுகிறது. நிலம் பற்றிய பேச்சும் சோறு பற்றிய பேச்சும் ஒரே கூரையின்கீழ் உரசி உரசிக் கொலைவரை போகின்றன. வீடும் நிலமும் ஒட்டியிருப்பது அங்கே பின்னணி அல்ல. நாவலின் வடிவமே அதுதான்.

அமெரிக்கப் புல்வெளி நாவலிலும் இதே கதிதான். 1862ஆம் வருஷத்துச் சட்டம் குடியேறியவனுக்கு 160 ஏக்கர் கொடுத்தது. ஐந்து வருஷம் அங்கேயே வாழ்ந்து பயிர் செய்தால் நிலம் சொந்தம். குடியிருப்பதே உரிமைக்கு நிபந்தனை. வில்லா காதரின் ‘மை ஆன்டோனியா’வில் (1918) ஒரு பொஹீமியக் குடும்பம் நெப்ராஸ்காவில் மண்ணைக் குடைந்த வீட்டில் வந்து ஒடுங்குகிறது. முதல் பனிக்காலத்திலேயே தகப்பன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். கடைசிப் பகுதியில் அவன் மகளுக்குச் சொந்தப் பண்ணை, பிள்ளைகள், ஊறுகாயும் பழப்பாகும் நிறைந்த நிலவறை. இடையில் கழிந்த வருஷங்களை அந்த இரண்டு குழிகளே சொல்லிவிடுகின்றன. அது பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலம் என்பதைக் காதர் பெரிதாகப் பேசுவதில்லை. அது தனி விசாரம்.

போடிநாயக்கனூருக்கு இந்த வடிவம் பொருந்தாது. இங்கே வீடு கீழே, காடு மேலே. நடுவில் போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்டங்களில் பெரும்பகுதி அன்று திருவிதாங்கூரில், 1956க்குப் பின் கேரளத்தில். விடியுமுன் உலை வைத்து, தூக்குச்சட்டியில் சோறு போட்டு, பிள்ளையைக் கிழவியிடம் விட்டு ஜீப் ஏறுகிறாள் ஒருத்தி. ஏலத்தின் சரம் செடியின் அடியில் தரையோடு படர்வது. பகல் முழுக்கக் குனிந்தும் குத்துக்காலிட்டும் காய் எடுக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்து ஒரு கிலோவாகும். இருட்டோடு போனவள் இருட்டோடு திரும்புகிறாள். பகலில் இருக்கும் காடு அவளுடையதல்ல. அவளுடைய வீட்டில் அவளுக்குப் பகலே இல்லை. இவளை எந்த வடிவத்தில் எழுதுவது?

லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் வந்த படம். ஏலமூட்டை சுமக்கும் ரங்கசாமி துண்டு நிலத்துக்கு ஆசைப்படுகிறான், அடைகிறான், இழக்கிறான், கடைசியில் அதே நிலத்தில் எழுந்த காற்றாலைக்குக் காவலாளியாகிறான். மலையேற்றத்தைக் காட்சியாக்காமல் நேரமாக்கியிருப்பது சாதனை. பார்க்கிறவனுக்கும் கால் வலிக்கிறது. ஆனால் நிலம் கைக்கு வந்ததும் படம் நாம் முன்பே அறிந்த சமவெளிக் கதைக்குள் இறங்கிவிடுகிறது: கடன், உரம், சிறை, கைமாற்றம். ரங்கசாமியின் நடைக்குக் கொடுத்த பொறுமையை மனைவி ஈஸ்வரியின் நாளுக்குப் படம் கொடுக்கவில்லை. இதைப் பெண்பக்கக் கோஷமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வடிவத்தின் குறையைத்தான் சொல்கிறேன்.

வங்கியில் நகைக்கடன் மேஜையில் உட்காருகிறவன் நான். ஒரு ஜோடித் தோடு பள்ளிக்கூடம் திறக்கிற ஜூனில் உள்ளே வருவதும், காய் எடுப்பு மும்முரமானபின் வெளியே போவதும் என் கணக்கில் இரண்டே வரி. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7000 ரூபாயைத் தொட்டது. விலை ஏறியது தோட்டத்துக்கு. தோடு அந்த வருஷமும் வந்துதான் போயிற்று. இரண்டு வரிக்கும் நடுவில் ஒரு குடும்பத்தின் நாலைந்து மாத வாழ்வு கிடக்கிறது. பேரேடு அதை எழுத வேண்டியதில்லை. இலக்கியம் எழுத வேண்டும்.

நம் விமர்சனமோ ‘மண்வாசனை’ என்ற ஒரு வார்த்தையில் இதைத் தாண்டிப் போகிறது. பத்து வட்டாரச் சொல், ஒரு சாவு, ஒரு மழை இருந்தால் திருப்தி. போடியிலிருந்து வரவேண்டிய நாவலுக்கு வீடு மையமாக முடியாது, காடும் முடியாது. ஜீப்தான் அதன் கூடம். பிள்ளையின் காய்ச்சல், சீட்டுப்பணம், மாமியார், மகளுக்கு வந்த வரன் எல்லாம் இடித்துக்கொண்டு உட்கார்ந்து பேசி முடிவாவது அங்கேதான். இறங்கியபின் வேலை, திரும்பியபின் தூக்கம். குடும்பம் குடும்பமாக இருப்பது அந்த வளைவுகளில். எழுதுகிறவர் அங்கிருந்து தொடங்கட்டும்.