பத்திராதிபரும் திறனாய்வாளரும்

பத்திரிகை எழுத்து ஒரு நாள் வாழ்வினது, நூலோ நிலைபேறுடையது என்பது கற்றோரிடை வழங்கும் கருத்து. இதனை அடியாகக் கொண்டு, பேராசிரியர் க. கைலாசபதி (1933–1982) தினகரனிற் கழித்த ஆண்டுகளை அவருடைய ஆராய்ச்சி வாழ்வுக்குப் புறம்பானவையாகக் கருதுவோர் உளர். அவர் நூல்களை ஊன்றிக் கற்பார்க்கு இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும்.

யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் பயின்று, பேராதனையிற் பட்டம் பெற்ற அவர், 1957இல் தினகரனிற் சேர்ந்து, 1959 முதல் 1961 வரை அதன் ஆசிரியராக விளங்கினார். தென்னிந்திய வெளியீடுகள் ஈழத்து வாசகரின் சுவையைப் பெரிதும் ஆண்டுவந்த காலம் அது. அக்காலத்தில் இந்நாட்டு மக்களின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ஆக்கங்களுக்கு அவர் இடமளித்தார். இளங்கீரனின் ‘நீதியே நீ கேள்’ என்னும் நாவல் தினகரனில் தொடராக வெளிவந்தமை இதற்குச் சான்றாகும்.

யார், யாருக்காக, எவ்வாயிலாக எழுதுகின்றனர் என்பது பத்திராதிபர் நாடோறும் எதிர்கொள்ளும் வினா. அவ்வினாவே பின்னர் அவர் ஆராய்ச்சிக்கும் அடிப்படையாயிற்று. பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிற் செய்த ஆய்வு 1968இல் ஒக்ஸ்போட் வெளியீடாக ஆங்கிலத்தில் நூலுருப் பெற்றது. அது சங்கச் செய்யுளைப் பாணரும் கேட்போரும் கூடிய வாய்மொழி மரபில் வைத்து நோக்கிற்று. அதே ஆண்டில் வெளிவந்த ‘தமிழ் நாவல் இலக்கியம்’, அச்சும் புதிய வாசகர் கூட்டமும் தோன்றிய சமுதாயத்தில் வைத்து நாவலை நோக்கிற்று. காலத்தால் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு வேறுபட்ட இரு பொருள்களிலும் அவர் எழுப்பிய வினா ஒன்றே.

நிற்க, பத்திரிகைப் பணி அவருக்குக் குறையொன்றையும் நல்கிற்று. ஆசிரியத் தலையங்கம் ஒரு பக்கஞ் சார்ந்து விரைந்து தீர்ப்புக் கூறுவது. சமகால எழுத்தாளரை மதிப்பிடுமிடத்து அவரிடம் அவ்விரைவு காணப்படுகின்றது. படைப்பின் சமுதாய நோக்கு விரிவாக ஆராயப்படுமளவுக்கு அதன் சொல்லமைதியும் உருவமும் ஆராயப்படுவதில்லை. சமுதாய நோக்கொன்றே இலக்கியத்துக்கு அளவுகோலாகாது என மு. தளையசிங்கம் முதலியோர் கூறிய தடை முற்றிலும் ஒதுக்கத்தக்கதன்று.

ஆயினும், ஈழத்து எழுத்தையும் ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கியோருள் அவர் முன்னிற்பவர். அவர் முடிபுகளை மனனஞ் செய்து பரீட்சை விடையாக ஒப்புவிக்கும் மாணவர் அவரிடம் கற்றது சிறிதே. அவர் எழுப்பிய வினாவை அவர் நூல்களை நோக்கியே எழுப்பத் துணிவோர், அவர் காட்டிய நெறியில் நிற்போராவர்.