மர்ராதியின் சுட்ட கஷ்கொட்டை

இத்தாலியின் டஸ்கனியில், அப்பெனைன் மலைமடிப்பில் இருக்கும் சிற்றூர் மர்ராதி. கவிஞர் தீனோ காம்பானா 1885இல் பிறந்த ஊர் என்றாலும், அக்டோபர் ஞாயிறுகளில் கூட்டம் கூடுவது கவிதைக்காக அல்ல, கஷ்கொட்டைக்காக. ஃபிளாரன்சிலிருந்து ரயிலேறி வந்துவிடுகிறார்கள்.

அடியெங்கும் துளையிட்ட இரும்புச் சட்டி. கீழே விறகுத் தீ. ஒவ்வொரு கொட்டையின் தோலிலும் கத்தியால் ஒரு கீறல். கீறாமல் போட்டால் வெடித்துவிடும். கீறிய இடம் கருகி, வாய் பிளந்து, உள்ளே மஞ்சள் தெரிந்ததும் இறக்கி, துணியில் பொதிந்து சற்று நேரம் வியர்க்க விடுவது வழக்கம். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். அதன்பிறகே தோலும் உள்ளே ஒட்டிய சவ்வும் சுலபமாகக் கழன்று வரும். காகிதக் கூம்பில் வாங்கி, விரல் சுடச் சுட உரிக்க வேண்டும். சர்க்கரைவள்ளிக் கிழங்கு போல மாவாக இனிக்கும்.

பக்கத்தில் காஸ்தன்யாச்சோ என்ற பணியாரம்: கஷ்கொட்டை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், ரோஸ்மேரி, பைன் பருப்பு. சர்க்கரை கிடையாது. இனிப்பை எதிர்பார்த்து வாயில் போடுபவருக்கு முதல் துண்டு ஏமாற்றம்தான். மூன்றாவதற்குக் கை தானாக நீளும். கோதுமை சரிவர விளையாத இந்த மலைகளில் ஒரு காலத்தில் ஏழைகளுக்குக் குளிர்காலம் முழுக்கச் சோறு போட்டது இந்த மாவு. திருவிழாப் பண்டமானதெல்லாம் பிறகுதான்.